நாக்கால் முகர்ந்து, தாடையால் கேட்டு

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில், டோங்காட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் கரும்புதான். ஒரு கம்பிவேலி, ஒரு மண்பாதை, அப்புறம் கண்ணுக்கெட்டிய மட்டும் கரும்பு. வெட்டுக்கு முன்னால் சோகையைக் கொளுத்துவார்கள். கொளுத்திய மறுநாளே எலிகள் வேலி தாண்டிவிடும். கோழித் தீவனம் வைத்திருக்கும் எங்கள் தகரக் கொட்டகைதான் அவற்றுக்கு முதல் சத்திரம். எலி வந்த சில நாளில் பாம்பும் வந்து சேரும்.

சென்ற அக்டோபரில் ஓர் இரவு, தீவன மூட்டையைக் கட்ட மறந்துவிட்டோமே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். சுவரோரமாக ஓர் எலி ஓடியது. மூட்டைக்குப் பின்னால் புகுந்து, உடைந்த செங்கல் மேல் ஏறி இறங்கி, வழியில் இருந்த தண்ணீர் வாளியைச் சுற்றிக்கொண்டு, கதவடியில் இருக்கும் பொந்துக்குள் மறைந்தது. நான் மூட்டையைக் கட்டினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தேன். திரும்பி வந்தால் அதே சுவரோரத்தில் ஒரு பாம்பு. இரண்டு முழம் இருக்கும். பழுப்பு நிறம், மூக்கிலிருந்து கண் வழியாகப் பின்னால் ஓடும் வெளிறிய கோடுகள். இங்கே எல்லோரும் ஹவுஸ் ஸ்நேக் என்று சொல்லும் விஷமில்லாத பாம்பு. அடையாளம் தெரிந்ததால் அசையாமல் நின்று பார்த்தேன்.

மூட்டைக்குப் பின்னால் போனது. செங்கல் மேல் ஏறி இறங்கியது. வாளி இருந்த இடத்துக்கு வந்தது. அங்கே வாளி இல்லை, வெறும் சிமெண்டுத் தரைதான். ஆனாலும் பாம்பு வளைந்தது. இல்லாத வாளியை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு போய்ப் பொந்தின் வாயில் தலையை வைத்தது.

அந்த வளைவுதான் என்னை இதை எழுத வைத்தது. கண்ணை நம்பி வந்திருந்தால் அது நேராகப் போயிருக்கும். எலி தரையில் விட்டுப்போன வாசத்தை, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி, ஓர் அடிகூட விடாமல் படித்துக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் பொந்துக்குள் எலியைப் பிடிக்க அந்த வாசம் மட்டும் போதாது. பாம்பின் வேட்டையில் ஒரு புலன் கொஞ்ச தூரம் கொண்டுவந்து விடும், அடுத்த புலன் அங்கிருந்து வாங்கிக்கொள்ளும். எந்த இடத்தில் எது பொறுப்பேற்கிறது என்று தெரிந்துகொண்டால், கரும்போரம் வாழ்கிற நமக்குப் பாம்பின் நடத்தையில் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

சரி, நாக்கிலிருந்து தொடங்குவோம். பாம்பு நாக்கை நீட்டினால் மிரட்டுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நாக்கு கொட்டும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் அது மோப்பம் பிடிக்கிறது. பாம்புக்கு மூக்குத் துளைகள் இருக்கின்றன, அவற்றாலும் வாசம் தெரியும். ஆனால் இரையின் தடத்தைப் பிடிக்கிற வேலை நாக்குடையது. காற்றிலும் தரையிலும் உள்ள நுண்ணிய வாசத் துகள்களை நாக்கின் ஈரம் ஒற்றி எடுக்கிறது. நாக்கு உள்ளே போனதும் அவை வாயின் அடித்தளத்தில் உள்ள சிறு திண்டுகளில் படுகின்றன. வாய் மூடும்போது அந்தத் திண்டுகள் மேலெழுந்து, அண்ணத்தில் உள்ள இரண்டு நுண்துளைகளோடு சேர்கின்றன. துளைகளுக்குப் பின்னால் இருப்பதுதான் ஜேக்கப்சன் உறுப்பு. டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலூட்டிகளில் இதை விவரித்ததால் அந்தப் பெயர். நாக்கின் இரண்டு நுனிகளும் நேராக அந்தத் துளைகளுக்குள் நுழைகின்றன என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். வாய்க்குள் நடப்பதைப் படம் பிடித்துப் பார்த்த பிறகுதான் அது சரியில்லை என்று தெரிந்தது. நாக்கு சரக்கைச் சுமந்து வரும் கூலியாள் மாதிரி. வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும்.

நாக்கு ஏன் பிளவுபட்டிருக்கிறது? அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட் ஷ்வெங்க் 1994இல் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தார். இரண்டு நுனிகளும் விரியும்போது ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து வாசம் எடுக்கின்றன. இடது நுனியில் எலி வாசம் அதிகமா, வலது நுனியிலா என்று மூளை ஒப்பிடுகிறது. இடதில் அதிகம் என்றால் தலை இடப்பக்கம் திரும்பும். இரண்டிலும் சமம் என்றால் தடம் நடுவில் இருக்கிறது, நேரே போகலாம். இரண்டு காதுகளை வைத்துக்கொண்டு சத்தம் எந்தப் பக்கம் என்று நாம் கண்டுகொள்கிறோம் இல்லையா, அதே கணக்குதான். என் கொட்டகையில் அந்தப் பாம்பின் தலை இடமும் வலமுமாக மெல்ல ஆடியபடியே போனதன் பொருள் இதுதான். சிமெண்டில் எலியின் தடம் ஒரு விரல் அகலம் இருந்திருக்குமோ என்னவோ, அதன் கரையைத் தொட்டவுடன் தலை உள்ளே திரும்பியது.

இந்த வாசப் பாடத்தைத் தாய் சொல்லிக் கொடுப்பதில்லை. 1960களில் கோர்டன் பர்க்ஹார்ட் என்ற ஆய்வாளர், பிறந்து ஒரு வேளைகூடச் சாப்பிடாத பாம்புக்குட்டிகளின் முன்னால் பலவித இரைகளின் சாறு தோய்த்த பஞ்சை நீட்டினார். தன் இனம் வழக்கமாகத் தின்னும் இரையின் வாசம் வந்ததும் குட்டிகள் நாக்கை வேகமாக நீட்டிப் பஞ்சைக் கடிக்கப் பாய்ந்தன. மற்ற வாசங்களுக்கு அவ்வளவு அக்கறை காட்டவில்லை. நம் பக்கத்து நைட் அடர் என்ற விரியன் தேரையையும் தவளையையும் தவிர வேறெதையும் பெரிதாக நாடுவதில்லை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு பாம்பும் தனக்கென்று ஒரு வாசப் பட்டியலோடு பிறக்கிறது. அந்தப் பட்டியலில் மனிதனும் பாலும் இல்லை. புற்றுக்குப் பால் வார்க்கும் நம் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது நம் வணக்கம். பாம்பின் மூக்குக்கு அது உணவு இல்லை, அவ்வளவுதான்.

முட்டை விஷயம் வேறு. புற்றடியில் நாம் வைக்கும் கோழிமுட்டையை மெய்யாகவே தேடிவரக்கூடிய ஒரு பாம்பு தென்னாப்பிரிக்காவில் உண்டு. எக் ஈட்டர் என்று சொல்லப்படும் அந்த முட்டைத்தின்னிக்குப் பறவை முட்டையைத் தவிர வேறு சாப்பாடே கிடையாது. கடிக்கப் பல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கூட்டுக்குள் தலையை நீட்டி, ஒவ்வொரு முட்டை மேலும் நாக்கைப் போட்டுப் பார்க்கும். அழுகியதையும் குஞ்சு நன்றாக வளர்ந்துவிட்டதையும் ஓட்டுக்கு வெளியிலிருந்தே கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். நல்லதைத் தேர்ந்து, தன் தலையைவிடப் பெரிய முட்டையை முழுதாக வாய்க்குள் ஏற்றும். தொண்டைக்குள் முதுகெலும்பிலிருந்து நீளும் முட்கள் ஓட்டை அறுக்கும். உள்ளே இருப்பது வயிற்றுக்குப் போகும், நசுங்கிய ஓடு மடித்த காகிதம் போல வெளியே வரும். சந்தையில் முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர்கள் அதன் நாக்கைக் கண்டால் பொறாமைப்படுவார்கள்.

அடுத்து செவி. தமிழில் பாம்புக்குக் கட்செவி என்று ஒரு பெயர் உண்டு. கண்ணையே செவியாக உடையது என்று பொருள். அந்தப் பெயரை வைத்தவர்கள் கூர்ந்து பார்த்தவர்கள்: தலையில் எங்கே தேடினாலும் காது இல்லை, ஆனால் அது கேட்கிறது என்பது தெரிகிறது, அப்படியானால் கண்ணால்தான் கேட்க வேண்டும். முதல் இரண்டும் சரி. கடைசி முடிவில்தான் கொஞ்சம் இடம் தவறிவிட்டது. கண்ணுக்குச் சற்றுக் கீழே, தாடையில் இருக்கிறது விடை.

பாம்புக்குக் காதுமடலும் இல்லை, செவிப்பறையும் இல்லை. உட்செவி மட்டும் நன்றாகவே இருக்கிறது. அந்த உட்செவிக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே சிறு எலும்புகள் தொடராக இணைந்திருக்கின்றன. பாம்பு தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும்போது, எலியின் காலடி மண்ணில் எழுப்பும் அதிர்வு தாடைக்கு வந்து, எலும்பு வழியாக உட்செவிக்கு ஏறுகிறது. இன்னொரு விசேஷம்: பாம்பின் கீழ்த்தாடை இரண்டு பாதிகளும் முன்னால் எலும்பாக ஒட்டியிருக்கவில்லை. இரையை விழுங்க வாய் விரிய வேண்டும் என்பதற்காக அப்படி என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் அதனால் இடது தாடையும் வலது தாடையும் தனித்தனியாக அதிர முடிகிறது. அலையில் ஆடும் படகு போல ஒவ்வொரு பாதியும் அசைகிறது, எந்தப் பாதி முந்தி அசைந்தது என்பதிலிருந்து திசை தெரியும் என்று 2008இல் இயற்பியலாளர்களும் உயிரியலாளர்களும் சேர்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2002இல், சஹாரா மணல் விரியனின் கண்ணையும் மோப்பத்தையும் தடுத்து வைத்துச் சோதித்தார்கள். அது மணலின் அதிர்வை மட்டும் வைத்துக்கொண்டு எலியைக் கொத்தியது.

காற்றில் வரும் சத்தமே பாம்புக்குக் கேட்காது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்ததையும் இப்போது திருத்திக்கொள்ள வேண்டும். ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகள் மண்டையோட்டையே மெல்ல அதிரச் செய்வதும் அது மூளைக்கு எட்டுவதும் தெரிந்தது. தவிலில் தொப்பிப் பக்கத்து ஒலி கேட்கும், மகுடியின் கீச்சுக்குரல் அவ்வளவாகக் கேட்காது என்று சொல்லலாம். மகுடிக்கு ஆடும் பாம்பு ஊதுபவரின் கையும் குழலும் அசைவதைத்தான் தொடர்கிறது.

என் தாத்தா மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் கரும்பு வெட்டியவர். அவருடைய முன்னோர், 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் இறக்கிய பிறகு தொடர்ந்து வந்த கப்பல்களில் ஒன்றில் வந்தவர்கள். கரும்புக்குள் இறங்கும் முன் தடியால் தரையை நாலு தட்டுத் தட்டி, காலை ஓங்கி வைத்து நடப்பார். “அரவம் கேட்டா அரவம் போயிடும்டா” என்பார். ஓசைக்கும் அரவம், பாம்புக்கும் அரவம் என்று நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தாத்தா அதை வைத்தே எங்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்தினார். மாம்பாவுக்கும் நாகத்துக்கும் பெரும்பாலும் அது பொருந்தும். தரை அதிர்வில் பெரிய உருவம் வருவது தெரிந்தால் அவை விலகவே பார்க்கும். ஆனால் தாத்தா ஒன்று சேர்த்துச் சொல்வார்: “இபுலூலு மட்டும் போகாது.”

இபுலூலு என்பது பஃப் அடர் என்ற விரியனுக்கு ஜூலு மொழிப் பெயர். தடித்த உடல், மண்ணும் சருகும் கலந்த நிறம், முதுகில் வரிசையாகப் பின்னோக்கிய வளைவுக் கோடுகள். அது ஏன் போகாது? தாத்தா அது சோம்பேறி என்று நினைத்தார். நான் அதைப் பற்றிப் படிக்கப் படிக்க, இவ்வளவு கவனமாக வேலை செய்யும் பிராணி குறைவு என்று தோன்றுகிறது.

பஃப் அடரின் வேட்டை முழுக்கக் காத்திருப்பதில் இருக்கிறது. எலி நடமாடும் இடத்தை மோப்பத்தால் தேர்ந்துகொண்டு ஓரிடத்தில் படுக்கும் வழக்கம் பதுங்கி வேட்டையாடும் பல விரியன்களுக்கு உண்டு. வட அமெரிக்காவின் கிலுகிலுப்பை விரியனில் அது சோதனையாலேயே காட்டப்பட்டிருக்கிறது. இடம் பிடித்த பிறகு அசைவதில்லை. அசைந்தால் இரைக்கும் தெரிந்துவிடும், தன்னைத் தின்ன வரும் கீரிக்கும் தெரிந்துவிடும். நிறம் கண்ணை ஏமாற்றும், சரி. மோப்பத்தை என்ன செய்வது? ஜோஹானஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் அஷாடி கே மில்லரும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட முடிவு, படித்த அன்று என்னைத் தூங்க விடவில்லை. மோப்பத்துக்குப் பழக்கப்பட்ட நாய்களும், மீர்கேட் என்ற கீரி இனத்துப் பிராணிகளும் மற்ற பாம்புகளின் வாசத்தைச் சரியாக அடையாளம் காட்டின. பஃப் அடர் உரித்துப்போட்ட சட்டையின் வாசத்தையும் கண்டுபிடித்தன. ஆனால் உயிருள்ள பஃப் அடரின் வாசத்தை அவற்றால் பிடிக்க முடியவில்லை. படுத்திருக்கும் பஃப் அடரைக் கடந்து நாய் போய்விடுகிறது. மோப்பத்தால் உலகைப் படிக்கும் ஒரு பாம்பு, அடுத்தவரின் மோப்பத்துக்குத் தன்னை இல்லாமலே ஆக்கிக்கொண்டிருக்கிறது.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேவியர் கிளாடாஸும் கிரஹாம் அலெக்ஸாண்டரும் காட்டில் பஃப் அடர்களுக்கு எதிரே கேமராக்களை வைத்து ஓயாமல் படம் பிடித்தார்கள். 2017இல் அவர்கள் வெளியிட்டதில் ஒரு காட்சி: உடம்பில் வேறு எதுவும் அசையவில்லை, கருத்த நாக்கு மட்டும் நீண்டு, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. வாசம் பிடிக்க என்றால் நாக்கு சட்டென்று உள்ளே போயிருக்க வேண்டும். இது போகவில்லை, வெளியிலேயே நெளிகிறது. எதிரே இருந்த தேரை அதைப் புழு என்று எண்ணித் தின்ன வருகிறது. அத்தோடு முடிந்தது. இன்னும் ஆச்சரியம், தவளை தேரைகள் பக்கத்தில் இருந்தபோதுதான் பாம்பு இப்படி நாக்கை ஆட்டியது. எலிக்கு ஆட்டவில்லை, எலி புழுவைப் பார்த்து ஏமாறாது. அப்படியானால் எதிரில் நிற்பது யார் என்று பாம்பு முதலில் அடையாளம் கண்டுகொள்கிறது, பிறகு தூண்டிலை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. புலனாக இருந்த உறுப்பே தூண்டிலாகவும் மாறுகிறது. வால் நுனியை ஆட்டி இரையை இழுக்கும் வேலையையும் அது செய்கிறது.

தாத்தாவின் எச்சரிக்கைக்கு வருவோம். நாம் காலைத் தட்டிக்கொண்டு வருவது பஃப் அடருக்குத் தெரியாமல் இல்லை. தாடை தரையில்தானே இருக்கிறது. அசையாமல் இருப்பதுதான் அதன் தொழிலும் அதன் கவசமும் என்பதால் அது இடத்தை விடுவதில்லை. காலடி அதன் மேலேயோ மிக அருகிலோ விழும்போதுதான் பெரும்பாலும் கடிக்கிறது. அதனால் ஓசை எழுப்புவதை மட்டும் நம்பக் கூடாது. சாயங்காலத்துக்கு மேல் வேலியோரப் பாதையில் டார்ச்சும் கணுக்கால் மூடிய செருப்பும் இல்லாமல் நான் போவதில்லை, என் பிள்ளைகளையும் விடுவதில்லை.

கொத்தும் கணத்துக்குக் கண்ணும் அதிர்வும் தொடுவுணர்வும் வெப்பமும் சேர்ந்துதான் குறி வைக்கின்றன. விரியனின் பாய்ச்சல் பெரும்பாலும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். நாம் ஒருமுறை கண்சிமிட்ட அதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதன் பிறகு நடப்பதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. பெரும்பாலான விரியன்கள் எலியைக் கொத்தியதும் விட்டுவிடும். பிடித்துக்கொண்டே இருந்தால் எலி திருப்பிக் கடிக்கும், கண் போகும். விஷம் ஏறிய எலி சிறிது தூரம் ஓடி எங்கோ புல்லுக்குள் விழுந்து சாகும். அதே புல்லில் வேறு எலிகளின் தடங்களும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். தான் கொத்தியது எது என்று பாம்புக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் கிலுகிலுப்பை விரியன்களை வைத்து டேவிட் சிஸ்ஸாரும் சகாக்களும் பல ஆண்டு இதையே ஆராய்ந்தார்கள். கொத்திய உடனே பாம்பு நாக்கை நீட்டும் வேகம் பலமடங்கு கூடுகிறது. கொத்தாத எலியையும் கொத்திய எலியையும் பக்கத்தில் வைத்தால் கொத்தியதையே தேர்கிறது. 2013இல் வெளியான ஆய்வு அதன் சூட்சுமத்தைச் சொன்னது: விஷத்தில் உள்ள டிஸ்இன்டெக்ரின் வகைப் புரதங்கள்தான் அந்த அடையாளம். கொல்கிற பகுதி வேறு, குறி போடுகிற பகுதி வேறு. சலவைக்காரர் துணியில் குறி போடுவது போல, பாம்பு தன் இரைக்கு உள்ளிருந்து ஒரு குறி போட்டு அனுப்புகிறது. கறுப்பு மாம்பாவும் எலி, பாறைமுயல் போன்றவற்றைக் கடித்துவிட்டு விட்டுவிடும். அதன் விஷம் விரைவாக நரம்பைக் கட்டிப்போடுவதால் இரை வெகுதூரம் போவதில்லை. பறவையைப் பிடித்தால் பல விரியன்கள் விடுவதில்லை. பறந்துபோனதற்குத் தரையில் தடம் ஏது? நம் மாகாணத்தின் வடகோடிக் காடுகளில் இருக்கும் காபூன் அடர், 5 சென்டிமீட்டர் வரை நீளும் பற்களால் எலியையே விடாமல் பிடித்துக்கொள்ளும். பாம்புகளிலேயே நீண்ட பல் அதற்குத்தான்.

வெப்பத்தைப் பார்க்கும் பாம்புகள் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது குழிவிரியன். அது ஆசியாவிலும் அமெரிக்காவிலும் உண்டு, தமிழ்நாட்டு மலைகளிலும் உண்டு. ஆப்பிரிக்காவில் இல்லை. ஆனால் நம்மிடம் மலைப்பாம்பு இருக்கிறது. அதன் அறிவியல் பெயரிலேயே நேட்டால் இருக்கிறது: பைத்தான் நேட்டாலென்சிஸ். கரும்புக்காட்டில் திரியும் பலமுலை எலிக்கும் மாஸ்டோமிஸ் நேட்டாலென்சிஸ் என்று பெயர். தின்பதற்கும் தின்னப்படுவதற்கும் ஒரே ஊர்ப்பெயர்.

மலைப்பாம்பின் உதட்டுச் செதில்களில் சிறுகுழிகள் இருக்கின்றன. இரையின் உடற்சூடு அகச்சிவப்புக் கதிராக வந்து குழியில் விழும்போது நரம்பு துடிக்கிறது. எந்த மூலக்கூறு இதை உணர்கிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 2010இல் கண்டுபிடித்தது. டிஆர்பிஏ1 என்ற புரதம் அது. நம் உடம்பிலும் அதே வகைப் புரதம் இருக்கிறது; தாளிக்கும்போது கடுகின் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வருகிறதே, அதை உணர்த்துவது அதுதான். நமக்குக் காரத்தைச் சொல்லும் புரதத்தைப் பாம்பு இனம் சூட்டைச் சொல்லும்படி மாற்றிக்கொண்டிருக்கிறது. குழிவிரியனில் அது சுமார் 28 டிகிரி செல்சியஸிலேயே விழித்துக்கொள்ளும், மலைப்பாம்பில் 33 அளவில். குழியிலிருந்து வரும் சேதியும் கண்ணிலிருந்து வரும் சேதியும் மூளையில் ஒரே பகுதியில் போய்ச் சேர்கின்றன. இருட்டில் புதருக்குள் நிற்கும் காட்டுக்கோழி மலைப்பாம்புக்கு உருவமும் சூடும் சேர்ந்த ஒரே காட்சியாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். அதை நம் சொல்லால் விவரிக்க முடியாது, நமக்கு அந்தப் புலன் இல்லை.

பிடித்த பிறகும் புலனுக்கு வேலை ஓயாது. இறுக்கும் பாம்பு இரையின் மூச்சை நிறுத்திக் கொல்கிறது என்று நெடுநாள் நம்பினோம். ஸ்காட் போபாக்கும் அவருடைய மாணவர்களும் போவா பாம்புகளில் அளந்து பார்த்து, இரத்த ஓட்டம் நின்றுபோவதுதான் காரணம் என்று 2015இல் காட்டினார்கள். அதைவிட என்னை உலுக்கியது அவர்கள் 2012இல் செய்தது. செத்த எலிக்குள் துடிக்கும் செயற்கை இதயத்தை வைத்துப் பாம்புக்குக் கொடுத்தார்கள். இதயம் துடித்த வரை பாம்பு விடாமல் இறுக்கியது. துடிப்பை நிறுத்தியதும் பிடியைத் தளர்த்தியது. உயிருள்ள இரையையே பார்த்திராத பாம்பும் அப்படித்தான் செய்தது. வைத்தியர் நாடி பிடிப்பது போல, தன் உடல் முழுவதும் நாடி பார்த்துக்கொண்டுதான் அது இறுக்குகிறது. அப்புறம் நாக்கு மறுபடி வேலைக்கு வரும், தலை எந்தப் பக்கம் என்று தேட. தலைப்பக்கமாக விழுங்கினால்தான் காலும் ரோமமும் படிந்து உள்ளே போகும்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம். இரவுப் பாம்புகளுக்குக் கண் பெரிய துணை இல்லை, ஆனால் மரத்தில் பகலில் வேட்டையாடும் பாம்புக்கு அதுதான் முதல் ஆயுதம். பூம்ஸ்லாங்கின் பெரிய கண்ணை இங்கே பார்க்காதவர்கள் குறைவு. ட்விக் ஸ்நேக் என்ற குச்சிப்பாம்பின் கண்மணி சாவித்துளை மாதிரி குறுக்காக நீண்டிருக்கும். கண்ணுக்கு முன்னால் மூக்கு வரை ஒரு பள்ளம் இருப்பதால் இரண்டு கண்ணாலும் சேர்த்து நேரே பார்க்க முடியும். மற்றப் பாம்புகள் பெரும்பாலும் அசைவதைத்தான் கவனிக்கும். இதுவோ கிளையில் உறைந்து நிற்கும் பச்சோந்தியையும் கண்டுபிடித்துவிடும். எந்தப் பாம்புக்கும் இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதில், சட்டை உரிக்கும் நாள்களில் பால்போல மங்கிவிடும். அப்போது பெரும்பாலும் சாப்பிடாமல் ஒளிந்தே கிடக்கும். நேர்மாறாக, கண்ணே தேவைப்படாத வேட்டைக்காரர் ஸ்டிலெட்டோ ஸ்நேக். மண்ணுக்கடியில் எலிக்குஞ்சுகள் கிடக்கும் வளைக்குள் நுழைந்து, வாயைத் திறக்காமலே பக்கவாட்டில் நீளும் பல்லால் உடம்போடு உரசியதைக் குத்தும். பார்க்கச் சின்னக் கறுப்புக் கயிறு மாதிரிதான் இருக்கும். தலைக்குப் பின்னால் பிடித்தாலும் விரலில் குத்திவிடும், அதன் கடிக்கு இங்குள்ள மாற்றுமருந்தும் உதவாது. கையால் தொடவே வேண்டாம்.

நம் வீட்டுக்குள் அடிக்கடி நுழைவது இம்ஃபேஸி, அதாவது விஷம் துப்பும் மொசாம்பிக் நாகம். இரவில் எலி, தேரை, பல்லி என்று எந்தத் தடத்தையும் பிடித்துக்கொண்டு கதவிடுக்கு வழியாக வந்துவிடும். தூங்கிக்கொண்டிருக்கும்போதே அதனிடம் கடிபட்டவர்கள் இந்த மாகாணத்தில் பலர். ஆறிய பிறகும் தோலும் சதையும் அழுகிய வடு போகாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தரையில் பாய் விரித்துப் படுத்த பையனுக்கு அப்படி நேர்ந்தது. அந்த அறையின் மூலையில்தான் அரிசி மூட்டை இருந்தது, மூட்டையில் எலி இருந்தது. பாம்புக்கு மருந்து தெளிக்கலாமா, வெள்ளைப்பூண்டு வைக்கலாமா, கற்பூரம் வைக்கலாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் அரிசி மூட்டையைக் காட்டினேன். தடத்தின் மறுநுனி அங்கேதான் இருந்தது. மூட்டை தகர டப்பாவுக்குப் போனது, கதவடி இடுக்குக்கு ரப்பர் பட்டை வந்தது, பையன் இப்போது கட்டிலில், கொசுவலைக்குள் தூங்குகிறான்.

அந்த அக்டோபர் இரவில், ஹவுஸ் ஸ்நேக் பொந்தின் வாயில் தலையை வைத்தபடி வெகுநேரம் இருந்தது. நாக்கு வந்து போய்க்கொண்டிருந்தது, தாடை சிமெண்டில் படிந்திருந்தது. உள்ளே எலி ஒரு காலை நகர்த்தியிருந்தாலும் அதற்குத் தெரிந்திருக்கும். பிறகு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. வால் நுனி மறைந்து சிறிது நேரத்தில் ஒரே ஒரு கீச்சு. மறுநாள் காலையில் தீவனத்தை மூடிபோட்ட இரும்பு டிரம்மில் கொட்டினேன். பொந்தை அடைக்கவில்லை.